ஒரு நாள் முன்னால் வந்த பெட்டி

அப்பா,

இன்று காலை எங்கள் அலுவலக வராந்தாவில் ஒருவர் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். கறுப்பு டிரங்குப் பெட்டி. மூடியின்மேல் வெள்ளைப் பெயின்டில் எண், பெயர், ஊர், தர்மபுரி மாவட்டம். அதற்கு மேல் கித்தானில் சுருட்டி வாரால் கட்டிய படுக்கை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட அவரைத் தாண்டிப் போனேன். அந்துருண்டை வாசனை வந்தது. கையெழுத்தை வேறொருவர் பெயருக்கு நேரே போட்டுவிட்டு, அடித்துத் திருத்தினேன்.

எங்கள் பியூன் என் மேசைக்கு வந்து சிரித்தார். "பாத்தீங்களா மேடம்? நாளைக்கு இன்டர்வியூ. மனுசன் இன்னிக்கே படுக்கையோட வந்து குந்திக்கினு இருக்காரு. குடித்தனமே பண்ணப்போறாரு போல."

நான் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உங்களுக்கு என்னைத் தெரியும். வாய் வரை வருவது வெளியே வராது.

நீங்கள் போய் ஒரு வருடமும் சில மாதங்களும் ஆகின்றன. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நேரில் கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருப்பீர்களா என்பது சந்தேகம்தான். கேட்டிருப்பேனா என்பது அதைவிடச் சந்தேகம்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா என்றால் எனக்கு இரண்டு மாதம். வருடத்தில் அந்த இரண்டு மாதமும் வீட்டில் நெல்லுச் சோறு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோழி. மீதிப் பத்து மாதம் களி. பாலக்கோட்டைத் தாண்டி உள்ளே போகும் நம் ஊருக்கு அப்போது இரண்டே பஸ். நீங்கள் இறங்கியதும் பெட்டி உங்களுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடும், யாராவது தலையில் வாங்கிக்கொண்டு வருவார்கள். டீக்கடைக்காரர் அங்கிருந்தே கூவுவார்: "என்னங்க மிலிட்டரி, எப்ப வந்தீங்க? எப்ப போறீங்க?" அவர் மட்டுமல்ல, ஊரே அந்த இரண்டு கேள்வியையும் ஒரே மூச்சில்தான் கேட்கும். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. பட்டாளத்துக்காரரைப் பார்த்தால் கேட்கும் கேள்வி அது, அவ்வளவுதான்.

பதினேழு வருடம் முடித்து நீங்கள் மொத்தமாக வந்தபோதும் அதையேதான் கேட்டார்கள்.

"வந்துட்டேங்க. இனி இங்கதான்" என்றீர்கள்.

"அது சரிங்க. எப்ப போறீங்க?"

முதல் இரண்டு மாதம் வீட்டிலும் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. சோறும் கோழியும் நடந்தன. மூன்றாவது மாதம் ஒரு நாள் அம்மா களி உருண்டையைத் தட்டில் வைத்தாள். நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள். அம்மா அடுப்பைப் பார்த்தாள். அன்றுதான் நீங்கள் வந்துவிட்டீர்கள் என்பது மூன்று பேருக்கும் உறைத்தது என்று நினைக்கிறேன்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து முகம் மழித்து, மடிப்புக் கலையாத சட்டை போட்டு, பூட்சைத் துடைத்துவிட்டு, அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லாமல் வாசலில் நிற்பீர்கள். காட்டு வேலையெல்லாம் அம்மா கையில் இருந்தது. உங்களுக்குக் களைக்கொத்தைப் பிடிக்கத் தெரியவில்லை. "நீங்க போயி நெழல்ல குந்துங்க, செடியெல்லாம் போவுது" என்று அம்மா விரட்டுவாள். டீக்கடைக்குப் போனால் அங்கே வேறு தொல்லை. "பாட்டில் வராத மிலிட்டரி என்னா மிலிட்டரிங்க?" என்பார்கள். சேலம் மிலிட்டரி கேன்டீன் சரக்கில் நீங்கள் கொண்டுவந்தது ஒரு சோப்பு டப்பாவும் அம்மாவுக்கு ஒரு பிரஷர் குக்கரும். அந்தக் குக்கரை அம்மா பயந்துகொண்டு பரணில் போட்டுவிட்டாள்.

பிறகு சோல்ஜர் போர்டு ஆபீசில் பதிவு செய்ய வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். படைவீரர்களுக்கு என்று ஒதுக்கிய வேலைகள் இருக்கின்றன, பதிந்து வைத்தால் கார்டு வரும் என்றார்கள். நான்தான் படிவத்தை நிரப்பினேன். 'தெரிந்த தொழில்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"லைன் இழுப்பேன்னு எழுது பாப்பா. மலை மேல டெலிபோன் ஒயர் இழுப்பேன். பனியிலயும் இழுப்பேன்."

எழுதினேன். பனியை மட்டும் விட்டுவிட்டேன், இடம் போதவில்லை. வந்த கார்டு தர்மபுரியில் ஓர் அலுவலக வாசல் காவலர் வேலைக்கு.

கார்டு என்று சொன்னாலும் அது ஆங்கிலத்தில் டைப் அடித்த கடிதம். நான் பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். கடிதத்தைப் படித்து, இடம், நாள், காலை பத்து மணி, அசல் சான்றிதழ்கள் என்று சொன்னேன். இன்டர்வியூ என்றும் சொன்னேன். "டீக் ஹை" என்று பட்டாளத்து இந்தியில் சரி சொல்லி எழுந்து நேராகப் பெட்டியைத் திறந்தீர்கள்.

என் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது அப்பா. நீங்கள் பட்டாளத்தில் சேர்ந்த கதையை எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். ஆள் எடுக்கிறார்கள் என்று போனீர்கள், மார்பை அளந்தார்கள், அன்றைக்கே ரயில் ஏற்றிவிட்டார்கள், வீட்டுக்குத் தகவல் கார்டில்தான் வந்தது. ஆகவே கூப்பிட்டார்கள் என்றால் எடுத்துக்கொண்டார்கள் என்றே உங்களுக்குப் பொருள். எனக்கு அப்படி இல்லை என்று தெரியும். பத்து பேரைக் கூப்பிட்டு ஒருவரை எடுப்பார்கள் என்று தெரியும். நீங்கள் கம்பளியை மடித்து வைத்தபோது தெரியும். மறுபடி அந்துருண்டை போட்டபோது தெரியும். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "அப்பா, பெட்டி வேண்டாம், போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்." உங்களோடு நான் வாழ்நாளில் பேசியதே கொஞ்சம். அதில் முதல் பெரிய பேச்சாக இதை எப்படிப் பேசுவது என்று நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குள் டீக்கடைக்காரர் கேட்டுவிட்டார். "எப்ப போறீங்க?"

"நாளைக்கு!" என்றீர்கள். தெரு முழுக்கக் கேட்டது. இத்தனை மாதத்தில் அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருந்தது அன்றுதான்.

இன்டர்வியூ வெள்ளிக்கிழமை. நாம் வியாழக்கிழமையே புறப்பட்டோம். "பட்டாளத்துல முந்தின நாளே ஹாஜராகணும் பாப்பா. வண்டி லேட்டுன்னு சொல்றதுக்கு அங்க எடமில்ல." ஊர் பஸ் நிறுத்தம் வரை வந்தது. அம்மா கோழி அடித்திருந்தாள். கறிக்குழம்பைத் தூக்குப் போணியில் ஊற்றிக் கொடுத்தாள். என்னை எதற்குக் கூட்டிப்போகிறீர்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, "இங்கிலீசு படிக்க ஆள் வேணும்ல" என்றீர்கள், பெருமையாக. பஸ் கூரையில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே உங்கள் பெட்டி ஏறியது. பாலக்கோட்டில் கூடைகளை இறக்கியவர்கள் அவசரத்தில் பெட்டியையும் சேர்த்து இறக்கிவிட்டார்கள். நீங்கள் ஜன்னல் வழியாக இந்தியில் கத்தினீர்கள். மண்டிக்காரர் ஒருவர், "யோவ், சேட்டு பொட்டிய மேல ஏத்துங்கய்யா" என்றார். நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். சரி, இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பஸ் கிளம்பிவிட்டது.

அந்த அலுவலகத்தின் பியூன் நம்மை வாசலிலேயே நிறுத்தினார். "நாளைக்குங்க. இன்னிக்கு இல்ல. பொட்டியெல்லாம் எதுக்குங்க?" நீங்கள் பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டீர்கள். ஊருக்குத் திரும்ப முடியாது, ஊர் வழியனுப்பிவிட்டது. தர்மபுரியிலேயே இருந்த பெரியம்மா வீட்டில் தங்கினோம். அங்கே பெட்டி வைக்க இடமில்லாமல் அரிசி மூட்டைமேல் வைத்தோம்.

வெள்ளிக்கிழமை பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வரலாம் என்று பெரியம்மாதான் சொன்னார். "அப்படியே அனுப்பிட்டாங்கன்னா?" என்றீர்கள். மறுபடி தூக்கிக்கொண்டீர்கள். உங்கள் பெயரைக் கூப்பிட்டதும் பெட்டியை வராந்தாவில் வைக்காமல் கையோடு உள்ளே போனீர்கள். கதவு சாத்தவில்லை. நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். ஓர் அதிகாரி நிமிர்ந்து பார்த்து, "என்னங்க, குடி வந்துட்டீங்களா?" என்றார். உள்ளே சிரித்தார்கள். காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. உடனே "உக்காருங்க, உக்காருங்க" என்று தணிவாகத்தான் பேசினார். ஆனால் நீங்களும் அவர்களோடு சேர்ந்து சிரித்தீர்களே அப்பா, அந்தச் சிரிப்பை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை.

வெளியே வந்து, "ஆயிடுச்சு" என்றீர்கள். எது ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

பெட்டியோடு ஊருக்குப் போக முடியாது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தகரப் பெட்டி செய்யும் பாய் கடைக்குப் போனோம். பட்டாளத்திலிருந்து முதல் லீவில் வந்தபோது அந்தப் பெட்டியை அவர் கையால் செய்து வாங்கியவர் நீங்கள். அவர் மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் சத்தம் சுத்தமா இருக்குதுங்க" என்றார். நீங்கள் விஷயத்தைச் சொன்னதும், "இங்கயே கெடக்கட்டும். வேலைக்கு வரப்ப எடுத்துக்கங்க. வாடகையா கேக்கப்போறேன்?" என்றார். கையில் வெறும் தூக்குப் போணியோடு ஊரில் இறங்கினோம். "ஆர்டர் தபால்ல வரும்" என்று எல்லோருக்கும் சொன்னீர்கள். அடுத்த சில வாரம் கேள்வி மாறியிருந்தது: "ஆர்டர் வந்துச்சாங்க?" பிறகு அதையும் விட்டுவிட்டார்கள்.

என் ரிசல்ட் வந்தது. படைவீரர் பிள்ளைகளுக்கென்று கல்லூரியில் இடம் உண்டு என்பதும் அந்த சோல்ஜர் போர்டில்தான் தெரிந்தது. நம் வீட்டில் அதுவரை யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. சேர்க்கை அன்று அலுவலகத்தில், "டிஸ்சார்ஜ் புக் அசல் வேணுங்க. சரிபார்த்துட்டுத் தர பத்து நாள் ஆகும்" என்றார்கள். நீங்கள் பிளாஸ்டிக் உறையிலிருந்து அதை எடுத்தீர்கள். "இது இல்லன்னா நான் பட்டாளத்துலயே இல்லன்னு அர்த்தங்க" என்று சொல்லி இரண்டு கையாலும் கொடுத்தீர்கள். கொடுப்பதற்கு முன் ஒரு கணம் தயங்கினீர்கள் என்று எனக்கு ஞாபகம். ஆனால் அந்தத் தயக்கம் அன்று நிஜமாகவே இருந்ததா, பிற்பாடு நானாகப் போட்டுக்கொண்டதா என்பது இப்போது தெரியவில்லை.

நான் படித்தேன். தேர்வு எழுதி வேலையும் வாங்கினேன். நீங்கள் நான்கு வருடம் அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டே களை வெட்டக் கற்றீர்கள். வாரம் ஒருமுறை தர்மபுரிக்கு வந்து பாய் கடையில் ஒரு டீ குடித்துவிட்டுப் போவீர்கள். போன வருடம் சித்திரையில் காட்டில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்.

குடும்ப ஓய்வூதியத்துக்கு அம்மா மனுப் போட வேண்டியிருந்தது. இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ கேட்டார்கள், டிஸ்சார்ஜ் புத்தகம் கேட்டார்கள். கல்லூரியிலிருந்து திரும்பி வந்த புத்தகத்தை நீங்கள் பெட்டியில்தான் வைத்தீர்கள் என்று அம்மா சொன்னாள். பாய் கடைக்குப் போனோம். பாய் பெட்டியை மேலே அட்டத்திலிருந்து இறக்கித் துணியால் துடைத்தார். கம்பளி, பூட்ஸ், புத்தகம். புத்தகத்துக்கு அடியில் ஒரு நீளக் கவர். பிளேடால் ஓரம் கிழியாமல் திறந்திருந்தது. கடிதத்தை அப்படித் திறப்பவர் நம் வீட்டில் நீங்கள் ஒருவர்தான்.

உங்களை எடுத்திருந்தார்கள் அப்பா.

காவலர் வேலை. இன்ன தேதியில் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் அசலோடு வந்து சேர வேண்டும், தவறினால் ஆணை ரத்து. அந்தத் தேதிக்கு முந்தின நாளைப் பென்சிலால் ஓரத்தில் எழுதி வட்டம் போட்டிருந்தீர்கள். என் கல்லூரிச் சேர்க்கை ரசீதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். சேர வேண்டிய தேதி, நான் சேர்ந்த ஆறாம் நாள். புத்தகம் அன்று கல்லூரியில் இருந்தது.

கடிதம் எப்போது வந்தது என்று மட்டும் தெரிந்தால் போதும். புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன்னாலா, பின்னாலா? கவரில் அஞ்சல் முத்திரை இருக்கிறது. தேதி இருக்கும் இடத்தில் தக்காளிச் சாறோ தண்ணீரோ பட்டு மை கலைந்திருக்கிறது. வெயிலில் வைத்துப் பார்த்தேன். அலுவலகத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

முன்னாலே வந்திருந்தால், தெரிந்தே கொடுத்தீர்கள். பின்னால் வந்திருந்தால், கல்லூரிக்குப் போய் ஒரு நாளைக்குத் திருப்பிக் கேட்டிருக்கலாமே, ஏன் கேட்கவில்லை? என்னிடம் ஏன் காட்டவில்லை? ஆங்கிலம் படிக்க ஆள் வேண்டும் என்று ஊரெல்லாம் சொன்னவர், வேலை கிடைத்த கடிதத்தை யாரைக் கொண்டு படித்தீர்கள்? நீங்களே எழுத்துக் கூட்டிப் படித்தீர்களா? தப்பாகப் புரிந்துகொண்டீர்களா? ஆனால் வட்டம் சரியான நாளில்தான் இருக்கிறது. முந்தின நாளே போக நினைத்த மனிதர், போகவில்லை. இன்டர்வியூ அன்று எழுந்த அந்தச் சிரிப்பா தடுத்தது? அப்படியென்றால் பஸ்ஸிலேயே நான் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் நீங்கள் போயிருப்பீர்கள்.

பாயிடம் கேட்டேன். "கவர் எப்ப வெச்சாருன்னு நெனப்பிருக்குதுங்களா?"

"வருவாரு, பெட்டியத் தொறப்பாரு, மூடுவாரு. நான் எதுக்கும்மா எட்டிப் பாக்கப்போறேன்? ஒருக்கா மட்டும் வெளையாட்டாக் கேட்டேன், என்னங்க மிலிட்டரி, பெட்டிய எப்ப எடுத்துட்டுப் போறீங்கன்னு. 'போறதுக்கு என்னா பாய், போயிக்கினேதான இருந்தேன்'னாரு."

"எப்பிடிச் சொன்னாருங்க? வருத்தமாவா?"

பாய் யோசித்தார். "டீ குடிச்சிக்கினே சொன்னாரும்மா."

பஸ்ஸில் அம்மாவுக்குக் கடிதத்தைத் தமிழில் சொன்னேன். பாலக்கோடு தாண்டியதும் அம்மா, "அந்த மாசந்தான் தெனமும் எங்கூட களை வெட்ட வர ஆரமிச்சாரு" என்றாள். "போவச் சொல்லி நான்தான் வெரட்டுனேன். நெழல்ல குந்தவே மாட்டேன்னுட்டாரு."

"எனக்காகத்தான் போகாம இருந்தாராம்மா?"

"எனக்கென்னாடி தெரியும்? பதினேழு வருசத்துல மூணு வருசங்கூட முழுசா கூட இல்லாத மனுசன். உனக்காவன்னு நீ நெனச்சிக்க. எனக்காவன்னு நான் நெனச்சிக்கறேன். வந்து இல்லன்னு சொல்லப்போறாரா?"

அம்மாவால் அப்படி முடிகிறது. என்னால் முடியவில்லை. எனக்காக என்றால் நான் உங்கள் வேலையை எடுத்துக்கொண்டவள். அம்மாவுக்காக என்றால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கிறது, அதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. சிரிப்பால் என்றால் குற்றம் என் வாயில். ஒரு நாளைக்கு ஒன்றை நம்புகிறேன்.

இன்று பதினொரு மணி வரை அந்த மனிதர் அதே பெஞ்சில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். உள்ளே போகிறவர்கள் எல்லாரும் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் எழுந்தேன். எழுந்த பிறகுதான் எழுந்துவிட்டேன் என்று தெரிந்தது.

"ஏங்க, நாளைக்குத்தாங்க இன்டர்வியூ. வெறும் இன்டர்வியூதாங்க. ஆர்டர் அப்புறம் தபால்ல வரும். பெட்டி வேண்டாங்க."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. எழுந்து நின்றுவிட்டார், என்னைவிட இருபது வயது பெரியவர்.

"அப்டீங்களா மேடம்." முகம் அப்படியே இறங்கிப் போயிற்று. "ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்துட்டேங்களே."

அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன் அப்பா. சொன்னேன். அதுவும் வலிக்கத்தான் செய்தது. பஸ்ஸில் சொல்லியிருந்தால் உங்கள் முகமும் இப்படித்தான் இறங்கியிருக்குமா? தக்காளிக் கூடைகளுக்கு நடுவே சிரித்த அந்தச் சிரிப்பும் இல்லாமல் போயிருக்குமா? இன்னும் ஒரு முடிச்சு கூடியதுதான் மிச்சம்.

"பெட்டிய என் மேசைக்கு அடியில வெச்சிட்டுப் போங்க" என்றேன். "நாளைக்கு வெறும் கையோட உள்ள போங்க. முடிச்சிட்டு வந்து எடுத்துக்கங்க."

பியூன்தான் தூக்கிக்கொண்டு வந்தார். பாதி வழியில், "ரொம்பக் கனமா இருக்குதுங்க மேடம்" என்றார், இப்போது சிரிக்காமல். பஸ் நிலையத்துப் பக்கம் பாய் கடையில் தங்க இடம் கிடைக்கும் என்று பெட்டிக்காரருக்கு வழி சொன்னேன். படி இறங்கியவர், தோளில் பெட்டி இல்லாமல் எப்படி நடப்பது என்று தெரியாதவர்போல ஒரு பக்கம் சாய்ந்தே நடந்தார்.

நாளை அவரை எடுப்பார்களா, தெரியாது. எடுத்தாலும் வருவாரா, அதுவும் தெரியாது. எல்லாரும் கேட்கும் அந்த இரண்டு கேள்வியில் முதலாவதை மட்டும்தான் அவரிடம் கேட்டேன். "எப்ப வந்தீங்க?" காலையில் முதல் பஸ்ஸில் வந்தாராம். இரண்டாவதை நான் யாரிடமும் கேட்பதில்லை.

அலுவலகம் காலியாகிவிட்டது. இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். காலை நீட்டினால் பெட்டி இடிக்கிறது.